நாலாவது பேண்டில் வந்த பெயர்

எங்கள் வீட்டு முன்னறையில் ஒரே சமயத்தில் அவ்வளவு பேர் உட்கார்ந்ததை அதற்கு முன்பும் நான் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை. இடம் கிடைக்காதவர்கள் மாடிப்படியில் நின்றார்கள். கைக்குழந்தைக்காரி ஒருத்தி, அது சிணுங்கும்போதெல்லாம் அதன் முகத்தைத் தன் தோளில் அழுத்திக்கொண்டாள்.

எல்லோருடைய பார்வையும் புத்தர் படத்துக்குக் கீழே இருந்த என் ஸ்டீரியோ பெட்டியின் மேல் இருந்தது. அதன் முகப்பில் பச்சை வெளிச்சம். சத்தத்தை மிகவும் தாழ்த்தி வைத்திருந்தேன். ஜன்னலைச் சாத்தி, இடுக்கில் பழைய துண்டைச் செருகியிருந்தோம். வெளியே நடுப்பகல். உள்ளே வியர்வையும் சாம்பிராணியும் சூடேறிய தூசியும் கலந்த ஒரு வாசனை.

பாட்டுக் கேட்பதற்காக நான் கொண்டுவந்த பெட்டி. அன்று அதிலிருந்து வந்துகொண்டிருந்தது போலீஸ் வயர்லெஸ்.

கரகரப்பு. ஒரு விசில். பிறகு கன்னடத்தில் அவசரமாக ஒரு குரல். ஓர் ஊர்ப் பெயரைச் சொன்னது. நடுவில் இரைச்சல் விழுங்கிவிட்டது. கடைசி வார்த்தைகள் மட்டும் தெளிவாக இருந்தன: "ஜன சேர்தாவ்ரெ. ஃபோர்ஸ் பேக்கு."

கூட்டம் சேருகிறது, ஆள் அனுப்புங்கள் என்று அர்த்தம்.

"நம்ம ஏரியா பேரு தாண்ணா," என்றான் ஆட்டோ மணி. அவன் குரல் அவன் குரலாக இல்லை. "நீலசந்திரான்னான். கேட்டீங்க இல்ல?"

எனக்கும் அப்படித்தான் கேட்டது. எல்லோரும் ஒரே சமயத்தில் எழுந்தார்கள். யாரோ என் கையை மிதித்தார்கள். அதுவரை அடங்கிக் கிடந்த குழந்தை வீறிட்டது.

டோரத்தி அம்மா விட்டுப்போனது

போன வாரம் இந்தத் தொடரில் இந்தப் பெட்டியைப் பற்றி ஒரே ஒரு வரி எழுதியிருந்தேன். படித்த நண்பர் ஒருவர் போன் செய்து, "ஆஸ்பத்திரியில கணக்கு எழுதிக்கிட்டு இருந்த ஆளு நீங்க. செத்துப்போன ஸ்டீரியோ மேல உங்களுக்கு என்னங்க ஆசை?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. என் மனைவி குணவதியும் அதைத்தான் கேட்டாள், இன்னும் கொஞ்சம் காரமாக.

பிரேசர் டவுனில் டோரத்தி அம்மா என்று ஓர் ஆங்கிலோ இந்தியப் பெண்மணி இருந்தார். எங்கள் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். பிள்ளைகளோடு ஆஸ்திரேலியாவுக்கே போய்விடப் போகிறார் என்று வழியனுப்பப் போயிருந்தேன். வீடு முழுக்க மூட்டையும் பெட்டியும். கூடத்து மூலையில் பூப்போட்ட விரிப்புக்கு அடியில் அது கிடந்தது.

கப்பலில் வேலை பார்த்த அவருடைய கணவர், எழுபதுகளில் ஏதோ ஓர் அமெரிக்கத் துறைமுகத்தில் வாங்கி வந்ததாம். ரேடியோவும் ஆம்ப்ளிஃபையரும் ஒன்றாக இருக்கிற மரப்பெட்டி. கூட இரண்டு ஸ்பீக்கர்கள். கணவர் இறந்த வருஷமே அதுவும் பேச்சை நிறுத்திவிட்டது.

"பழைய இரும்பு எடுக்கிறவன் நாளைக்கு வர்றான், மேன். அவன்கிட்ட போட்டுடப் போறேன்," என்றார்.

நான் சும்மா அதன் டியூனிங் குமிழைத் தொட்டேன். கனமான அலுமினியக் குமிழ். விரலால் ஒரு சுண்டு சுண்டினேன். உடனே நின்றுவிடும் என்று நினைத்தேன். நிற்கவில்லை. உள்ளே எங்கோ ஒரு சக்கரம் உருள்கிற மாதிரி சத்தமே இல்லாமல் சுழன்றது. முள் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு வழுக்கிக்கொண்டு போய், நிதானமாக நின்றது.

இன்னொரு தடவை சுண்டினேன்.

"ஓடாது, மேன்," என்றார் டோரத்தி அம்மா, என் முகத்தைப் பார்த்துவிட்டு.

"பரவாயில்லை மேடம். எனக்குக் குடுத்துடுங்க."

எங்கள் சந்திலேயே இருந்த மணியின் ஆட்டோவில் அது நீலசந்திராவுக்கு வந்தது. ஒரு ஸ்பீக்கரை நான் மடியில் வைத்துக்கொண்டேன். மற்றதை மணி தன் காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டு ஓட்டினான். குணா வாசலில் நின்று பார்த்தாள். "பொணத்தக் கொண்ணாந்து வெச்சிருக்கீங்க," என்றாள்.

சப்பாத்திக் கட்டை

குணாவுக்குக் கரண்ட் என்றால் பயம். பீன்யாவில் சுவிட்ச் செய்கிற ஒரு கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருந்தாள். கூட வேலை செய்த ஒருத்தியின் உள்ளங்கை கருகிப்போனதை நேரில் பார்த்தவள். அதனால் நான் பெட்டியின் மூடியைக் கழற்றும்போதெல்லாம் சமையலறையிலிருந்து சப்பாத்திக் கட்டையை எடுத்துக்கொண்டு கதவருகில் வந்து உட்கார்ந்துவிடுவாள். எனக்கு ஷாக் அடித்தால் கட்டையால் அடித்துத் தள்ளிவிட வேண்டும் என்பது அவள் ஏற்பாடு.

சிரிக்க முடியவில்லை. எனக்கும் அதே பயம்தான். பழைய பெட்டிகளில் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கன்டென்சர்களில் மின்சாரம் தங்கியிருக்கும். ஒருமுறை அது என் விரலைத் தேள் மாதிரி கொட்டி, முழங்கை வரை மரத்துப்போனது. அதிலிருந்து ஒரு கையைக் கால்சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு மறு கையால் மட்டும் வேலை செய்யப் பழகினேன்.

உப்பிப்போன கன்டென்சர்களைக் கழற்றி, அதே அளவில் வேறு தேடி எஸ்.பி. ரோடு கடைகளில் அலைந்தேன். முள்ளை இழுக்கிற நூல் அறுந்து போகிற நிலையில் இருந்தது. தூண்டில் நரம்பைக் கோத்துக் கட்டினேன். வால்யூம் குமிழ்களின் உள்ளே படிந்திருந்த அழுக்கை ஸ்பிரிட்டால் கழுவினேன். மரப்பெட்டிக்குத் தேங்காய் எண்ணெய். எங்கள் மகள் மலர் அப்போது இரண்டாவது படித்துக்கொண்டிருந்தாள். எண்ணெய் தேய்க்கிற வேலை அவளுடையது.

கடைசியில் கரண்ட் கொடுத்துப் பார்க்கிற நாள் வந்தது. பெட்டிக்குப் போகிற ஒயரின் நடுவில் ஒரு குண்டு பல்பைப் போட்டுக்கொள்ள வேண்டும். உள்ளே கோளாறு இருந்தால் பல்பு முழு வெளிச்சத்தில் எரியும். சரியாக இருந்தால் ஒரு தடவை பளிச்சிட்டு மங்கிவிடும்.

முதல் தடவை பல்பு அறையே வெளுக்கும்படி எரிந்தது. குணா கட்டையை ஓங்கிவிட்டாள். பிளக்கைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, இருவரும் தரையில் உட்கார்ந்துவிட்டோம்.

தவறு ஒரு டயோடில் இருந்தது. அதை மாற்றி அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடி போட்டேன். பளிச்சென்று எரிந்த பல்பு, யாரோ ஊதிவிட்ட மாதிரி மங்கியது. பெட்டியின் முகத்தில் பச்சை வெளிச்சம் மெதுவாக ஏறியது.

அப்புறம் ஒரு டேப் ரெக்கார்டரை அதில் இணைத்து ஒரு கேசட்டைப் போட்டேன். ஒரு ஸ்பீக்கர் இந்த மூலையில், இன்னொன்று அந்த மூலையில். ஆனால் பாடுகிறவளின் குரல் இரண்டிலிருந்தும் வரவில்லை. நடுவில், ஒன்றுமே இல்லாத சுவரிலிருந்து வந்தது. அவள் அங்கே நின்று மூச்சு வாங்குவதுகூடக் கேட்டது.

குணா எழுந்து போய் அந்த இடத்தில் சுவரில் கை வைத்துப் பார்த்தாள். அவளுடைய இன்னொரு கையில் சப்பாத்திக் கட்டை அப்படியே இருந்தது.

நண்பர் கேட்ட கேள்விக்குப் பதில் அதுதான். ஆஸ்பத்திரியில் நான் பார்த்தது பில்களை மட்டும்தான். உள்ளே போனவர் வெளியே வந்தாரா என்பதைக் கணக்கை வைத்துத்தான் தெரிந்துகொள்வேன். வீட்டில் மூடியைத் திறந்தால் எல்லாம் கண்ணுக்கு முன்னால் இருந்தது. எது கெட்டது, எது நல்லது என்று தொட்டுப் பார்த்துச் சொல்லலாம். எல்லோரும் கைவிட்ட ஒன்று பிழைத்து எழுந்து பாடுகிறதைப் பார்க்கலாம். அந்த ருசி ஒட்டிக்கொண்டால் விடாது. பின்னாளில் என் வீட்டில் ஐந்தாறு பெட்டிகள் சேர்ந்துவிட்டன.

யாருக்கோ வைத்த பேண்ட்

அந்தப் பெட்டியில் நான்கு பேண்டுகள், அதாவது அலைவரிசைப் பகுதிகள், இருந்தன. மூன்று எல்லா ரேடியோவிலும் இருப்பவை. நாலாவதற்கு ஏதோ இரண்டு எழுத்து போட்டிருந்தது. அங்கே திருப்பினால் வெறும் இரைச்சல்தான்.

ஒரு நாள் முள்ளை மெல்ல நகர்த்திக்கொண்டிருந்தபோது அந்த இரைச்சலுக்குள்ளிருந்து திடீரென்று ஓர் ஆள் கன்னடத்தில், "டீ களிசப்பா," என்றார். டீ அனுப்பச் சொல்கிறார். திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தேன், அறைக்குள் யாரோ வந்துவிட்ட மாதிரி.

போலீஸ் வயர்லெஸ். அந்தக் காலத்து அமெரிக்காவில் போலீஸ், தீயணைப்புக்காரர்கள் பேசுவதைப் பொதுமக்கள் கேட்பதற்கென்றே ஒரு பேண்ட் வைத்திருந்தார்களாம். அது கப்பலேறி வந்து எங்கள் ஊர் போலீஸை எனக்குக் காட்டிக்கொடுத்தது.

இதைக் கேட்பது தப்பு என்று தெரியும். மணியிடம் மட்டும் சொன்னேன். எங்கே டிராஃபிக் ஜாம், எந்த சிக்னலில் செக்கிங் என்று தெரிந்துகொள்ள அவன் அவ்வப்போது வந்து உட்காருவான். அதில் ஒரு குஷி இருந்தது. தூங்குகிற பூனையைத் தொட்டுவிட்டு ஓடுகிற குஷி.

பிறகு காவிரித் தண்ணீர் விவகாரத்தில் தமிழர்களுக்கு எதிராக நகரம் பற்றிக்கொண்டது. தொண்ணூறுகளின் தொடக்கம். குளிர்காலம்.

காலையில் குணா கம்பெனி பஸ்ஸில் பீன்யாவுக்குப் போய்விட்டாள். அப்போது சாலை சாதாரணமாகத்தான் இருந்தது. பத்து மணிக்குள் ஷட்டர்கள் இறங்கின. தமிழில் எழுதிய ஒரு கடைப் பலகையைக் கடைக்காரரே ஏணி போட்டுக் கழற்றிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, ஆஸ்பத்திரிக்குப் போகாமல் பாதி வழியில் திரும்பினேன். தெற்கே எங்கோ கறுப்புப் புகை எழுந்தது.

மணி சந்தில் இரண்டு பேரிடம் சொல்லியிருக்கிறான். அந்த இரண்டு பேர் எல்லோரையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள்.

கேட்கக் கேட்கப் பயம் பெருகியது. பெட்டி இல்லாதிருந்தால் எங்கள் சந்தில் நடப்பது மட்டும்தான் எங்களுக்குத் தெரிந்திருக்கும். சந்தில் ஒன்றும் நடக்கவில்லை. ஒரு நாய் வெயிலில் படுத்திருந்தது. ஆனால் அறைக்குள் நகரம் முழுவதும் எரிந்தது. ஒவ்வொரு கல்லும் எங்கள் காதில் விழுந்தது. போதும், நிறுத்திவிடலாம் என்று நினைத்தேன். நிறுத்தினால் அடுத்த வார்த்தை எங்களைப் பற்றியதாக இருந்துவிட்டால்? யாரும் நிறுத்தச் சொல்லவில்லை.

அப்படி இருந்தபோதுதான் அந்தப் பெயர் வந்தது.

நஞ்சம்மாவின் காது

எல்லோரும் ஒரே நேரத்தில் படியில் இறங்கப் பார்த்தார்கள். பள்ளிக்கூடத்துக்குள் போய் ஒளிந்துகொள்ளலாம் என்றார் ஒருவர். மசூதிப் பக்கம் போகலாம் என்றார் இன்னொருவர். மலர் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "நம்ம ஊட்டு வாசல்ல போட்ட கோலத்த அழிச்சிடலாமாப்பா?" என்றாள். அந்த வயதில் அவளுக்கு அது எப்படித் தோன்றியது என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை.

கீழ் வீட்டிலிருந்து வீட்டுக்காரம்மா நஞ்சம்மா மேலே ஏறி வந்தார். கன்னடக்காரர். எங்களோடு பேசிப் பேசி அவருக்குத் தனியாக ஒரு தமிழ் உண்டு.

"ஏன் எல்லாரும் ஓட்றீங்க? ஏனாய்த்து, என்ன ஆச்சு?"

மணி சொன்னான். அவர் நம்பவில்லை. ஆட்களை விலக்கிக்கொண்டு வந்து பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்தார். "சவுண்ட் கொஞ்சம் ஜாஸ்தி மாடு, ஜெயபாலு. நான் கேக்குறேன்."

சத்தத்தைக் கூட்டினேன். அவசரத்தில் அளவு மீறிக் கூடிவிட்டது. அறை முழுக்க இரைச்சல். பிறகு அதே குரல், அதே வார்த்தைகளைத் திரும்பவும் சொன்னது.

நஞ்சம்மா தலையில் அடித்துக்கொண்டார்.

"ஏ மணி, உனக்குக் காது இல்லையா? நீலசந்த்ர அல்லப்பா! நெலமங்கல! நெலமங்கல ரோடு!"

பிறகு அறை மொத்தமாக மூச்சு விட்டது. யாரோ சிரித்தார்கள். "அப்பாடா! நம்ம ஏரியா இல்ல." கைக்குழந்தைக்காரி சுவரில் சாய்ந்து அழ ஆரம்பித்தாள், நிம்மதியில். "அது எங்கியோ தூரம்," என்றார் ஒருவர். "ஊருக்கு அந்தக் கோடி."

மணியும் சிரித்துக்கொண்டுதான் இருந்தான். என் பக்கம் திரும்பியதும் அவன் சிரிப்பு நின்றது.

நெலமங்கலா ரோட்டில்தான் பீன்யா இருக்கிறது.

எனக்குக் காது அடைத்துக்கொண்டது. எல்லோரும் பேசுகிறார்கள் என்று தெரிகிறது, வாய் அசைகிறது, சத்தம் வரவில்லை. குணாவின் ஷிஃப்ட் முடிகிற நேரம். கம்பெனி பஸ் அந்த ரோட்டில்தான் நகரத்துக்குத் திரும்ப வேண்டும்.

மணி அடித்துக்கொண்டே இருந்தது

நஞ்சம்மா வீட்டுப் போனிலிருந்து கம்பெனிக்கு அடித்தோம். அங்கே மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. துண்டித்துவிட்டு மறுபடி அடித்தோம். எடுக்காத போனில் ஒலிக்கிற அந்த மணியைப் போல ஒரு கொடூரமான சத்தத்தை நான் கேட்டதில்லை. காலி அறைகள் ஒவ்வொன்றாக என் கண்ணுக்குத் தெரிந்தன.

"வாண்ணா, போய் இட்டுக்கினு வந்துடலாம்," என்றான் மணி. ஆட்டோ சாவி அவன் கையில் இருந்தது. அவன் மனைவி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

நஞ்சம்மா முந்தானையை இடுப்பில் செருகினார். "நானும் வரேன். வழியில யாராவது கேட்டா நான் பேசறேன். நீங்க ரெண்டு பேரும் வாயே தெறக்கக் கூடாது. கொத்தாய்த்தா, புரிஞ்சுதா?"

மலரை மணியின் மனைவியிடம் விட்டுவிட்டு மூவரும் கிளம்பினோம். மெயின் ரோடு வரைதான் போக முடிந்தது. லாரி டயர் ஒன்று நடுரோட்டில் எரிந்துகொண்டிருந்தது. ரப்பர் புகை தொண்டையில் ஒட்டியது. போலீஸ்காரர் ஒருவர் லத்தியை ஆட்டிக்கொண்டு ஓடி வந்தார். நஞ்சம்மா வெளியே தலையை நீட்டிக் கன்னடத்தில் கெஞ்சினார்: மகள் பீன்யாவில் இருக்கிறாள் என்றார். குணாவைத் தன் மகள் என்றே சொன்னார்.

போலீஸ்காரர் கோபப்படவில்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. "பேடம்மா, வேணாம்," என்றார். "ஊர்ல எங்கயும் போக முடியாது. வீட்டுக்குப் போங்க. போலீஸ் நாங்களே போக முடியல."

திரும்பினோம். நான் நேரே பெட்டிக்கு முன்னால் போய் உட்கார்ந்தேன்.

கூட்டம் கலைந்துவிட்டது. நஞ்சம்மா மட்டும் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, வருகிறதை வார்த்தை வார்த்தையாகத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தார். முள்ளை ஒரு மயிரிழை நகர்த்தினாலும் குரல் போய்விடும். நானே கோத்த தூண்டில் நரம்பு, நானே மாற்றிய கன்டென்சர். பெட்டி எவ்வளவு அருமையாக வேலை செய்தது! அதன் ஒவ்வொரு வார்த்தையும் எனக்குத் தெளிவாகக் கேட்டது.

வெயில் சாய்கிற நேரத்தில் அந்தக் குரல், "கம்பெனி பஸ்," என்றது.

நஞ்சம்மா பேசுவதை நிறுத்திவிட்டார்.

"சொல்லுங்கம்மா."

"சரியாக் கேக்கல."

"எனக்குக் கேட்டுது. சொல்லுங்க."

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "கம்பெனி பஸ் மேல கல்லு. கண்ணாடி ஒடஞ்சிருக்கு. லேடீஸ் இருந்தாங்களாம். ஆஸ்பத்திரிக்கு..."

எந்தக் கம்பெனி, எத்தனை பேர், எந்த ஆஸ்பத்திரி? அந்தக் குரல் அடுத்த வார்த்தைக்கு மூச்செடுத்தது. பச்சை வெளிச்சம் அணைந்தது.

ஏரியா முழுக்கக் கரண்ட் போய்விட்டது.

இரண்டு கையாலும் பெட்டியைப் பிடித்து உலுக்கினேன். அது ஒன்றும் சொல்லவில்லை. இருட்டிக்கொண்டு வருகிற அறையில் நஞ்சம்மா என் முதுகில் கை வைத்தார். நான் மலரின் பெயரைச் சொல்லிக் கூப்பிட எழுந்தேன்.

அன்றைய ராத்திரியைப் பற்றி எழுத எனக்குத் தெரியவில்லை.

கன்னடத்தில் வந்தவள்

மறுநாள் வெயில் ஏறிய பிறகு சந்து முனையில் ஒரு பால் வேன் வந்து நின்றது. பின் கதவு திறந்து, பிளாஸ்டிக் டப்பாக்களுக்கு நடுவிலிருந்து ஒரு பெண் இறங்கினாள். எனக்குத் தெரியாத புடவை. நெற்றியில் பெரிய குங்குமம். தலையை முந்தானையால் மூடியிருந்தாள்.

நான் நின்ற இடத்திலேயே நின்றேன். மலர்தான் முதலில் ஓடினாள்.

"ஊட்டா ஆய்த்தா மகளே?" என்று குழந்தையைக் கட்டிக்கொண்டாள் குணா.

சாப்பிட்டாயா என்று பெற்ற மகளைக் கன்னடத்தில் கேட்கிறாள். மலர் தமிழில் பதில் சொன்னாள். அவள் அதற்கும் கன்னடத்திலேயே ஏதோ சொன்னாள். மாடியேறி, உள்ளே வந்து, கதவைச் சாத்திய பிறகும் அவள் வாயிலிருந்து தமிழ் வரவில்லை. வேனில் வந்த வழி முழுக்க, ஒரு வார்த்தைகூடத் தமிழ் தவறி வந்துவிடக் கூடாது என்று மனசுக்குள்ளேயே கன்னடத்தில் பேசிக்கொண்டு வந்திருக்கிறாள். அது பூட்டிக்கொண்டுவிட்டது.

ஒரு சொம்புத் தண்ணீர் குடித்த பிறகுதான், "இன்னாங்க, இப்படி எளச்சிட்டீங்க ஒரே நாள்ல?" என்றாள்.

அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. கூட வேலை செய்த சாவித்திரி என்ற கன்னடப் பெண், மதியம் ஷிஃப்ட் முடிந்ததும், "நீ பஸ்ல ஏறாதே," என்று பக்கத்துத் தாசரஹள்ளியில் இருந்த தன் வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டாள். போகும்போதே தன் குங்குமத்தை எடுத்து இவள் நெற்றியில் வைத்திருக்கிறாள். புடவையும் அவளுடையதுதான். அங்கே ராகி முத்தை என்கிற களியுருண்டை, கீரைச்சாறு. சாவித்திரியின் மாமியார் இவளைத் தன் பக்கத்தில் படுக்க வைத்துக்கொண்டாள். காலையில் சாவித்திரியின் கணவர் தன் பால் வேனிலேயே கொண்டுவந்து விட்டுவிட்டார்.

"அந்தப் பக்கம் ஒண்ணும் பெருசா இல்லீங்க," என்றாள் குணா. "எனக்கு உங்க ரெண்டு பேர நெனச்சித்தான் பேஜாராப் போச்சு."

நான் அவளிடம் சொன்னேன். ராத்திரி முழுக்க அடக்கி வைத்திருந்தேன். கம்பெனி பஸ் மேல் கல் விழுந்ததையும், லேடீஸ் இருந்ததையும், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதையும் கொட்டிவிட்டேன்.

குணா என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "எந்த பஸ்ஸு?"

அது, தாமதமாகக் கிளம்பிய அவள் கம்பெனி பஸ்தான் என்பது இரண்டு நாள் கழித்து உறுதியாயிற்று. அவள் வழக்கமாக உட்காருகிற ஜன்னலோரத்தில் அன்று உட்கார்ந்திருந்தவளுக்கு நெற்றியில் தையல் போட்டிருந்தார்கள். உயிருக்கு ஆபத்து யாருக்கும் இல்லை.

ஆனால் நான் சொன்ன அந்த நிமிஷத்திலேயே அவள் பிடி நழுவிவிட்டது. தண்ணீர்ச் சொம்பு தரையில் விழுந்து உருண்டது. அவ்வளவு தூரம் பயப்படாமல் வந்துவிட்டவள், சொந்த வீட்டுக்குள் வந்து, கதவு சாத்தியிருக்கும்போது, உட்கார்ந்த இடத்தில் நடுங்கினாள்.

"ஏன் சொன்னீங்க?" என்றாள். அதையே திரும்பத் திரும்பக் கேட்டாள். "நான் நல்லாத்தானே வந்தேன்? ஏன் சொன்னீங்க?"

அதன்பிறகு பல வாரங்கள் அவள் வேலைக்குப் போகவில்லை. போக ஆரம்பித்த பிறகும், பஸ்ஸில் ஜன்னலோரம் உட்காருவதே இல்லை.

கரண்ட் வந்த முதல் நாள் அவள் என்னிடம் வேறு எதுவும் கேட்கவில்லை. அந்தப் பேண்ட் மட்டும் வேண்டாம் என்றாள். பாட்டு இருக்கட்டும் என்றாள். பெட்டியைத் திறந்து, அந்தப் பேண்டுக்குப் போகிற ஒரு மஞ்சள் ஒயரை வெட்டினேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்து, வெட்டுப்பட்டதைத் தன் கண்ணால் பார்த்தாள்.

அடுத்த தடவை

எட்டொன்பது வருஷம் கழித்து ஒரு காலைச் செய்தியைக் கேட்டு நகரம் மறுபடி ஷட்டர்களை இறக்கியது. காரணம் ஊருக்கே தெரியும், இங்கே வேண்டாம்; இந்தத் தடவையும் கோபம் தமிழர் மேல்தான். எங்கள் சந்தில் எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பழையதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

மலர் மல்லேஸ்வரம் பக்கம் பி.யு.சி. படித்துக்கொண்டிருந்தாள். காலையிலேயே கல்லூரிக்குப் போய்விட்டாள். பஸ்கள் நின்றுவிட்டன. கல்லூரியில் போனை எடுத்தவர், பெண்களை எல்லாம் அனுப்பியாயிற்று என்றார். அனுப்பி எவ்வளவு நேரமாயிற்று என்று கேட்பதற்குள் வைத்துவிட்டார்.

மணி வந்தான். தலை நரைத்துவிட்டது. வாசலில் நின்றபடி பெட்டியையே பார்த்தான்.

"அண்ணா, அந்தப் பேண்டு..."

"அத வெட்டியாச்சுடா. உனக்குத் தெரியாதா?"

"ஒட்ட வெக்க முடியாதா?"

குணாவுக்குக் கேட்டுவிடப் போகிறதே என்று சமையலறைப் பக்கம் திரும்பினேன். அவள் ஏற்கெனவே அறைக்குள் வந்துவிட்டிருந்தாள். கையில் என் சால்டரிங் அயன். நான் அதை எங்கே வைத்திருப்பேன் என்பது அவளுக்குத் தெரியும். அதன் பிளக்கைத் தானே சொருகி, சுவிட்சைப் போட்டாள்.

"குணா, வேணாம். அன்னிக்கு என்ன ஆச்சுன்னு..."

"எம் பொண்ணு வெளியே கீறா," என்றாள். "தொறங்க பெட்டிய."

திறந்தேன். அன்று வெட்டிய மஞ்சள் ஒயரின் இரண்டு முனைகளும் தூசி படிந்து அப்படியே இருந்தன. அயன் சூடானது. ஈயம் உருகிப் புகைந்தது. ஒரு கையைப் பைக்குள் வைத்துக்கொள்ள மறந்துவிட்டேன். குணா டார்ச் அடித்தாள். வெளிச்சம் ஆடியது.

நாலாவது பேண்டுக்குத் திருப்பினேன். இரைச்சல். முள்ளை ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை மெதுவாக நகர்த்தினேன். இரைச்சல்தான். திரும்பவும் இந்தக் கோடிக்கு. போலீஸ்காரர்கள் இத்தனை வருஷத்தில் வேறு அலைவரிசைக்குப் போயிருக்க வேண்டும். ஒரு குரலும் இல்லை. ஒரு பெயரும் இல்லை.

மணி கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போய்விட்டான். நாங்கள் போகவில்லை. நிறுத்தவும் இல்லை. அந்த இரைச்சலுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து, அதற்குள் எங்கள் மகளின் பெயர் எங்காவது வந்துவிடுமோ என்று கேட்டுக்கொண்டே இருந்தோம். குமிழின் மேல் என் விரல்கள் இருந்தன. என் விரல்களின் மேல் குணாவின் விரல்கள்.

படியில் செருப்பைக் கழற்றுகிற சத்தம் கேட்டது.

"பஸ் ஒண்ணும் இல்லப்பா. நாங்க நாலு பேரா நடந்தே வந்துட்டோம். காலு செம வலி," என்று சொல்லிக்கொண்டே மலர் உள்ளே வந்தாள். வெயிலில் முகம் சிவந்திருந்தது. பெட்டிக்கு முன்னால் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த எங்களைப் பார்த்து நின்றாள். "இன்னாம்மா இது, ரெண்டு பேரும் இப்படி ஒக்காந்து இன்னா கேக்குறீங்க?"

குணா எழுந்திருக்க முயன்றாள். முடியவில்லை. உட்கார்ந்தபடியே மகளின் காலைக் கட்டிக்கொண்டாள்.

"ஒண்ணும் கேக்கலடி," என்றாள். "ஒண்ணுமே கேக்கல."